முதுகு காட்டி வந்தவள்

இந்தக் கதையைச் சொல்பவனுக்கே இதன்மேல் பல வருடங்களாகச் சந்தேகம் உண்டு. ஒரு பெண் ஆயுள் முழுக்கப் பின்னோக்கியே நடந்தாள் என்பதில் சந்தேகமில்லை. அதைவிட விசித்திரமானவற்றைத் தன் ஐம்பது சொச்சம் வயதுக்குள் அவன் பார்த்தும் இருக்கிறான், பார்த்துப் பழகியும் போயிருக்கிறான். கதையின் ஓரத்தில் வந்துபோகும் ஒரு சின்னப் பொருளைப் பற்றித்தான் அவன் சந்தேகம். அதைப் பற்றி அதற்குரிய இடம் வரும்போது சொல்லலாம்.

இதை அவனுக்குச் சொன்னவர் மிசஸ் வயலெட் லோபோ. குன்னூரில் ஞாயிறு காலை மாதா கோயிலில் ஆர்கன் வாசித்துவிட்டு, ஞாயிறு மதியம் சீட்டாட்டத்தில் பாதிரியார் உள்பட எல்லாரையும் தோற்கடிக்கிற ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அவருடைய பூட்டியின் கதை இது. பலமுறை சொல்லியிருக்கிறார், ஒருமுறைகூட ஒரு சொல்லை மாற்றியதில்லை. இல்லாததைச் சொல்கிறவர்கள் சொல்லச் சொல்ல மெருகேற்றுவார்கள், அவர் ஏற்றவில்லை. அதனால்தான் அவனால் இதைத் தள்ளவும் முடியவில்லை.

லண்டனுக்கு ரயில் வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த நாட்களில், வெக்ஸ்கோம் பிரபுவின் இளைய மகள் செலீனாவை அரண்மனைக்கு அழைத்துப்போக நாள் குறித்தார்கள். அந்தச் சீமையில் பிரபுக்கள் வீட்டுப் பெண் வயதுக்கு வந்தால் மகாராணியின் முன் போய் முழங்கால் மடித்து வணங்கி எழவேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் நடன விருந்துகளுக்குப் போகலாம், அங்கே வரும் ஆண்களில் ஒருவனுக்கு வாழ்க்கைப்படலாம். வணங்குவது சுலபம். எழுவதும் பரவாயில்லை. திரும்பி வருவதுதான் கஷ்டம், ஏனென்றால் திரும்பவே கூடாது. ராணிக்கு முதுகு காட்டுவதைவிடப் பெரிய அவமரியாதை அந்த நாட்டில் இல்லை. தலையில் மூன்று தீக்கோழி இறகுகள் ஆட, தோளிலிருந்து இறங்கித் தரையில் வெகுதூரம் புரளும் பட்டு வால் காலில் சிக்காமல், முகத்தில் சிரிப்புக் குறையாமல், ராணியைவிட்டுக் கண் விலகாமல், அந்த நீண்ட கூடத்தின் கதவுவரை பின்னோக்கியே நடந்து வெளியேற வேண்டும். இடறி விழுந்த பெண்கள் உண்டு. அவர்களுக்குப் பேரன் பேத்தி பிறந்த பிறகும், அவர்கள் ஓர் அறைக்குள் நுழைந்தால் யாராவது யார் காதிலாவது அந்தக் கதையைச் சொன்னார்கள்.

அதனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் செலீனா பழகினாள். பிரபுவின் கல்யாணமாகாத அக்கா டிரூசில்லா, மேல்மாடி நடைகூடத்தின் கோடியில் சமையலறை முக்காலியைப் போட்டு, தேநீர்ப் பாத்திரத்துக்குப் போர்த்தும் பஞ்சு உறையைக் கிரீடமாகக் கவிழ்த்துக்கொண்டு ராணியாக உட்கார்ந்தாள். செலீனாவின் தோளில் சாப்பாட்டு மேசை விரிப்பை ஊசி குத்தி வாலாகத் தொங்கவிட்டார்கள்.

“முகம், முகம்! சிரிக்கச் சொன்னால் பல்வலிக்காரி மாதிரி முழிக்கிறாயே!”

“உங்களைப் பார்த்தால் நிஜமாகவே சிரிப்பு வருகிறது, அத்தை. அடக்கிக்கொண்டிருக்கிறேன்.”

“அந்த அளவுதான். அதை அப்படியே பிடித்துவை. ராணிகளுக்கு அவ்வளவு போதும்.”

அந்த நாள் வந்தது, செலீனா போனாள், வணங்கினாள், எழுந்தாள், பின்னோக்கி நடந்தாள். அவளைப்போல அழகாக யாரும் அந்தக் கூடத்தைவிட்டு வெளியேறியதில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கதவைத் தாண்டியதும் மற்றப் பெண்கள் பெருமூச்சுவிட்டு, வாலைக் கையில் சுருட்டிக்கொண்டு, படியில் சிரித்தபடி இறங்கி ஓடினார்கள். செலீனாவும் ஓடத்தான் நினைத்தாள். கால் முன்னே வரவில்லை. உடம்பைத் திருப்பினாள், உடம்பு திரும்பியது. அடி எடுத்து வைத்தாள், அடி பின்னால் விழுந்தது. அரண்மனைப் படிகளைப் பின்னோக்கி இறங்கினாள், வண்டியில் பின்னோக்கி ஏறினாள், வீட்டில் மாடிக்குப் பின்னோக்கிப் போய்ப் படுக்கையில் மல்லாந்து விழுந்து தூங்கினாள். காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஜன்னலுக்குப் போனவள் கதவில் போய் மோதினாள்.

இரண்டு வைத்தியர்கள் வந்தார்கள். ஒருவர் நரம்பு என்றார், கடற்காற்று வேண்டும் என்றார். இன்னொருவர் கடற்காற்றுக்கு அனுப்பினால் கடலுக்குள் பின்னோக்கிப் போய்விடுவாள், வேண்டாம் என்றார். இருவரும் போன பிறகு தாயான வெக்ஸ்கோம் சீமாட்டி, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள்.

“இது நோய் இல்லை. இது நல்ல வளர்ப்பு. யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள்.”

கீழே சமையல்காரி மட்டும், “தரையைத் தேய்த்துக் கழுவுகிறவள் எவள் முன்னோக்கிப் போகிறாள்? நாங்கள் போனால் வைத்தியரா வருகிறார்?” என்று கேட்டாள். அதை யாரும் மேலே கொண்டுபோகவில்லை.

முதல் நடன விருந்தில் செலீனா பின்னோக்கி நுழைந்தபோது வயலின்கள் நின்றன. முந்நூறு பேர் ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதுகு காட்டுவது என்பது அந்த ஊரில் ஒருவரைச் செத்தவராக அறிவிப்பதற்குச் சமம். வேண்டாதவர் எதிரே வந்தால் சொல்லில்லாமல் திரும்பிக்கொள்வார்கள், அதோடு அந்தச் சிநேகம் முடிந்தது, மறுநாள் முதல் அவர் வீட்டுக்கு வண்டிகள் வராது. ஆகவே முந்நூறு பேரும் தாங்கள் ஒரே நேரத்தில் அவமதிக்கப்பட்டுவிட்டோமா என்று தெரியாமல் திகைத்தார்கள். அப்போது மேடையில் உட்கார்ந்திருந்த மகாராணியின் சித்தி, காது சற்று மந்தமான வயதான இளவரசி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“இந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்காவது பின்வாங்கத் தெரிந்திருக்கிறதே!”

அவ்வளவுதான். வயலின்கள் தொடங்கின.

அதன் பிறகு லண்டன் அவளுக்குப் பழகிக்கொண்டது, ஒரு நகரம் புதுப் பாலத்துக்குப் பழகிக்கொள்வதைப்போல. முதுகுதான் முதலில் வந்து சேர்கிறது என்பதால் தையல்காரர்கள் பூவேலையையும் முடிச்சுகளையும் கவுனின் பின்பக்கத்துக்கு மாற்றினார்கள், முன்பக்கம் வெறுமையாக இருப்பதே நாகரிகம் என்றானது. பிஷப் ஒருவர் பணிவைப் பற்றிப் பிரசங்கம் செய்து அவள் பெயரைச் சொல்லாமல் சொன்னார். தாய்மார்கள் தங்கள் பெண்களையும் பின்னோக்கி நடக்கப் பழக்கினார்கள். பூங்காவில் மாலை வேளைகளில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள், இரண்டு பேர் ஏரியில் விழுந்தார்கள், அவர்களைக் காப்பாற்றக் குதித்தவர்களோடே அவர்களுக்குக் கல்யாணம் நிச்சயமானதால் மறுவாரம் இன்னும் நால்வர் விழுந்தார்கள். இரண்டு சீமாட்டிகள் பின்னோக்கி ஒருவரை நோக்கி ஒருவர் வந்தால் யார் ஒதுங்குவது என்று பிரபுக்கள் சபையில் ஒரு மாலை முழுக்க விவாதித்துவிட்டு, முடிவு தெரியாமல் சாப்பிடப் போனார்கள். ஆண்கள் விஷயத்தில் மட்டும் குழப்பம் இருக்கவில்லை. லேடி செலீனா பின்னோக்கி வந்தால், பட்டுச் சரசரப்புக் கேட்டதும் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுங்கி, தலைதாழ்த்தி, வழிவிட வேண்டும். அதைச் சரியாகச் செய்பவனே நல்ல குடும்பத்துப் பிள்ளை.

செலீனாவுக்கோ, வருவது எதுவும் தெரியவில்லை, போவது எல்லாம் தெரிந்தது. ஒரு மாதம் போனபின்தான் தான் பார்ப்பதை வேறு யாரும் பார்ப்பதில்லை என்று புரிந்தது. முன்னோக்கி நடப்பவர்கள், தங்களுக்காகத் தயாராகி நிற்கும் முகங்களை மட்டுமே பார்க்கிறார்கள். கடந்துபோன பிறகு அந்த முகங்கள் என்ன ஆகின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் மனிதர்களைக் கடந்து பின்னே போய்க்கொண்டே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போய்விட்டாள் என்று நினைத்ததும் சிரிப்புகள் விழுந்தன. தோள்கள் தொங்கின. தாயின் முகம், மகள் ஐந்தாறு அடி விலகியதும், நாள் முழுக்கச் சுமை தூக்கியவளின் முகமாக மாறியதை அவள் பார்த்தாள். ஆல்டர்மியர் பிரபுவின் முகத்தையும் பார்த்தாள்.

ஆல்டர்மியர் பிரபுவைத்தான் அவளுக்கு மாப்பிள்ளையாக நினைத்திருந்தார்கள். கெட்டவர் இல்லை. வால்ட்ஸ் நடனத்தில் அவருக்கு நிகரில்லை; அந்த நடனத்தில் ஆண் முன்னே வர, பெண் பின்னே போவதால், அவர் கையில் இருக்கும்வரை அவளுடைய விசித்திரம் யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கே மறந்துபோனது. ஒருவருக்காகவே ஒருவர் பிறந்தவர்கள் என்று ஊர் சொன்னது. அவள் வழி தெரிந்து நடக்கட்டும் என்று தன் கை இருக்கும் நடனக்கூடம் தவிர, தன் மாளிகையின் மற்ற எல்லாச் சுவர்களிலும் அவர் கண்ணாடி பதித்தார். ஆனால் இசை நின்று, அவர் வணங்கி, அவள் பின்னோக்கி விலகத் தொடங்கியதும், அந்த முகம் விருந்தினர் போன வீட்டின் ஜன்னல்போலச் சாத்திக்கொண்டது. ஒவ்வொரு முறையும்.

சாத்திக்கொள்ளாத முகம் ஒன்றே ஒன்று இருந்தது. எந்த மாளிகையானாலும், நடனக்கூடத்தின் மறுகோடியில், சீட்டாட்ட அறைக் கதவுக்குப் பக்கத்துத் தூணடியில், கைத்தடியோடு நிற்பவனின் முகம். கிதியோன் ஹேல் ஒரு பாதிரியாரின் மூன்றாவது மகன். ரயில் பாதை போடும் பொறியாளன். மண் சரிந்து ஒரு கால் நொறுங்கியதால் நடனம் ஆட முடியாதவன். விருந்துகளில் ஆண்கள் எண்ணிக்கை குறையும்போது, சாப்பாட்டு மேசையில் காலி நாற்காலி தெரியாமலிருக்க அழைக்கப்படுகிறவன். அப்படி ஒரு மேசையில் ஒரு தடவை அவளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவளுக்கு முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் ஒருவர் இருப்பது அதுதான் முதல் தடவை.

“பின்னோக்கி நடக்கும்போது பயமாக இல்லையா, லேடி செலீனா?”

அதுவரை எல்லாரும் அவளிடம் ராணியைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள்.

“முன்னோக்கி நடக்கும்போது உங்களுக்கு?”

“எப்போதும் பயம்தான். அன்றைக்கும் நேராக முன்னால் பார்த்துத்தான் நடந்தேன். மண் பக்கத்திலிருந்து வந்தது.”

அவள் சிரித்தாள். அத்தை டிரூசில்லாவுக்குப் பஞ்சு உறைக் கிரீடம் வைத்திருந்த நாட்களுக்குப் பிறகு, அளவு பார்க்காமல் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அவன் உப்புக் குப்பியை எடுத்து மெழுகுவர்த்திக்கு முன்னால் வைத்தான்.

“நேராகப் பின்னால் போக ஒரு வழி இருக்கிறது. பாதைக்குக் கோடு போடும்போது நாங்கள் செய்வது. கண்ணுக்கு எதிரே இரண்டு பொருளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னது பின்னதை மறைத்துக்கொண்டே இருக்கும்வரை நீங்கள் போவது நேர்கோடு. பின்னது எட்டிப் பார்த்தால் கோணல்.”

“சுவரில் முட்டிக்கொண்டால்?”

“நேராக முட்டிக்கொள்வீர்கள்.”

அந்த இரவுக்குப் பிறகு அவளை அவன் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை. சிரிப்புச் சத்தம் மேசையின் மறுகோடிவரை கேட்டிருந்தது. கூட்டத்தில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கால்கள் அவளை அவனிடமிருந்து விலக்கிக்கொண்டே போயின. அவள் கண் அவன்மேல் நிற்க, அவள் தூரமாகிக்கொண்டே இருந்தாள், அவன் முகம் அப்படியே இருந்தது, கொஞ்சம் வருத்தமாக, ஆனால் மாறாமல். தன்னைக் கண்டாலே ஒரு பெண் பின்வாங்குகிறாள் என்றால் ஒரு மனிதன் என்ன நினைப்பான்? அதைத்தான் அவனும் நினைத்தான்.

அவனிடம் போக அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. அவனுக்கு முதுகைக் காட்டவேண்டும்.

மூன்று விருந்துகளில் அதைச் செய்து பார்த்தாள். தூண் இருக்கும் திசையைக் கணித்துக்கொண்டு, அவனுக்குப் புறம் திரும்பி, மெல்லப் பின்னோக்கி நடந்தாள். மூன்று முறையும், பட்டுச் சரசரப்பு நெருங்கியதும், பளிங்குத் தரையில் கைத்தடி டக் டக்கென்று ஒலித்தது; நல்ல குடும்பத்துப் பிள்ளையாக அவன் ஒதுங்கி வழிவிட்டான்; அவள் போய்த் தூணில் முட்டிக்கொண்டு நின்றாள், குளிர்ந்த கல் முதுகில் பட. எதிரே ஊர் முழுவதும் அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

“வாயைத் திறந்து சொல்லேன், நகராதே என்று,” என்றாள் அத்தை டிரூசில்லா, அவள் முதுகில் கன்றியிருந்த இடத்துக்கு மருந்து தடவிக்கொண்டே. “தூண் ஒன்றும் உன்னைக் கட்டிக்கொள்ளப் போவதில்லை.”

“ஒரு பெண் கூட்டத்தில் ஓர் ஆணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன சொல்வார்கள், அத்தை?”

“என்னைக் கேள். நான் கூப்பிடவில்லை. முக்காலிமேல் ராணியாக உட்கார்ந்திருக்கிறேன்.”

செலீனா கவுனைத் தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நில் என்று சொன்னால் வேலைக்காரன்கூட நிற்பான்,” என்றாள் பிறகு. “சொல்லாமல் நிற்கவேண்டும்.”

கோடை முடிந்து, பிரபுக்கள் எல்லாரும் பறவை சுடக் கிராமத்து மாளிகைகளுக்குக் கிளம்பும் சமயம் வந்தது. அந்த வருடத்தின் கடைசி நடனம் ஆல்டர்மியர் மாளிகையில். வாதுமை மரத்தில் புதிதாகத் தரை போட்டு, முகம் தெரியும்படி மெழுகி வைத்திருந்தார். அந்தத் தரையைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் நிறுத்த முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் செலீனாவும் கைகோத்து நடுக்கூடத்துக்கு வர, வெக்ஸ்கோம் பிரபு நிச்சயத்தை அறிவிப்பதாக ஏற்பாடு. கிதியோன் ஹேல் மறுநாள் கப்பலேறுகிறான், சென்னை ராஜதானியில் ஏதோ மலைக்குப் பாதை போட. இரண்டையும் அவளுக்கு ஒரே மூச்சில் அத்தைதான் சொன்னாள். சொல்லிவிட்டு, “தூணடியில் நிற்கிறான்,” என்றும் சொன்னாள்.

மேடையில் வயதான இளவரசி. அவள் வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் அம்மா, ஒரு படி கீழே கை நீட்டியபடி ஆல்டர்மியர் பிரபு. செலீனா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு இளவரசியைப் பார்த்து, வீட்டில் பழகியதைப்போல, அரண்மனையில் செய்ததைப்போல, முழங்கால் தரையைத் தொடுமளவுக்கு வணங்கினாள். எழுந்தாள். பின்னோக்கி நடக்கத் தொடங்கினாள்.

ராஜ வம்சத்தாரிடமிருந்து முறைப்படி விடைபெற்றுப் பின்வாங்கும் பெண்ணை யாரும் தடுக்கக் கூடாது, தொடக் கூடாது, குறுக்கே போகக் கூடாது. அந்த ஊரில் அதுதான் சட்டம். ஆல்டர்மியர் பிரபுவின் கை நீட்டியபடியே நின்றது.

“இடப்பக்கம், செலீனா,” என்று உதடு அசையாமல் சொன்னாள் தாய். “கதவு இடப்பக்கம்.”

அவள் இடப்பக்கம் போகவில்லை. இளவரசியின் தலையிறகு, அதற்குப் பின்னால் சுவரில் தொங்கிய பெரிய கடிகாரம். இறகு கடிகாரத்தை மறைக்கும்படி பிடித்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தால் கோணல். எட்டிப் பார்க்க விடாமல் அடி அடியாகப் பின்னால் வந்தாள். கூட்டம் பழக்கப்படி இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த கூட்டம் அவள் கண்ணெதிரே மீண்டும் சேர்ந்தது. எல்லாமே அவளைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. நீட்டிய கை, அம்மாவின் விசிறி, அப்பாவின் வெள்ளைக் கிருதா, அவள் பிறந்து வளர்ந்த உலகத்தின் சரவிளக்குகள் எல்லாம் சிறுத்துக்கொண்டே போயின. அம்மாவின் முகம், இத்தனை தூரத்தில், கோபமாக இல்லை. ரயில் மேடையில் வழியனுப்ப நிற்பவளின் முகமாக இருந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்பதை அவள் காதால் மட்டும் அறிந்தாள். பூட்ஸ் ஒதுங்கும் சத்தம். பட்டு ஒதுங்கும் சத்தம். மன்னிக்கணும், மன்னிக்கணும் என்ற முணுமுணுப்புகள். அவள் ஒரே ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மரத்தரையில் கைத்தடியின் டக் டக். அது கேட்டுவிட்டால் மிச்சம் தூண்தான். தூணோடு சரி. மறுபடி ஆல்டர்மியர் பிரபுவின் கை வரும், இந்த முறை அவள் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இறகு கடிகாரத்தை மறைத்தது. சத்தம் கேட்கவில்லை. இன்னும் ஓர் அடி. கேட்கவில்லை. சீட்டாட்ட அறையின் சுருட்டு வாசனை வந்தது. இன்னும் ஓர் அடி வைத்தாள், கல்லின் குளிர்ச்சிக்காக முதுகு தானாகவே சுருங்கியது.

ஒரு கோட்டுப் பொத்தான் அவள் முதுகெலும்பில் பட்டது. பொத்தானுக்குப் பின்னால் மூச்சு இருந்தது.

“மன்னிக்க வேண்டும்,” என்றான் கிதியோன் ஹேல், பழக்கத்தில்.

அவள் சிரித்தாள். அந்த அமைதியில் அது மேடைவரை கேட்டது. அவனுடைய இரண்டு கைகளும் அவள் தோள்களில் வந்து அழுந்தின, அத்தனை பேர் பார்க்க. விசிறிகள் நின்றன. அப்போது அவன் முகத்தை ஊரே பார்த்தது. அவள் ஒருத்திதான் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தான் என்றார்கள் சிலர். சிரித்தான் என்றார்கள் சிலர். நெற்றியில் வியர்வை, உதட்டைக் கடித்துக்கொண்டு வலி தாங்குகிறவனைப்போல இருந்தான் என்றார் ஒருவர், அவர் சீட்டில் தோற்று எழுந்து வந்தவர் என்பதால் அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இளவரசி கைக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, “மிக அழகாக விடைபெற்றாள்,” என்றாள் சத்தமாக. ஊர் அதையே பிடித்துக்கொண்டது. செலீனா ஓடிப்போகவில்லை, விடைபெற்றாள். ஆல்டர்மியர் பிரபு அடுத்த வசந்தத்தில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவள் ஏரியில் விழுந்தவர்களில் ஒருத்தி, அதன்பின் முன்னோக்கியே நடந்தவள். அவளுக்கு அந்தக் கண்ணாடிகள் மிகவும் பிடித்துப்போயின.

கிதியோன் அந்தக் கப்பலைத் தவறவிட்டான். அடுத்த கப்பலில் இருவராகப் போனார்கள். அத்தை டிரூசில்லா துறைமுகத்துக்கு வந்து, பின்னோக்கிக் கப்பலேறும் செலீனாவின் முகத்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள். கப்பலேறுகிறவர்களின் முகத்தை அப்படிக் கடைசிவரை பார்க்கக் கிடைப்பதில்லை.

குன்னூரில் அவளுக்குப் பழகுவதற்கு மக்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ‘பின்நடைத் துரைசானி’ என்று பெயர் வைத்தார்கள், வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். விறகுச் சுமையோடு எதிரே வரும் பெண்கள், “தாயி, பின்னாடி பள்ளம்,” “சோத்தாங்கைப் பக்கம் வாம்மா, வழுக்கும்,” என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அவள் அந்தச் சொற்களைத்தான் தமிழில் முதலில் கற்றாள். மலைப்பாதையில் தினமும் மாலையில் அவர்கள் நடப்பதை எல்லாரும் பார்த்தார்கள். அவள் பின்னோக்கிப் போக, அவளுக்கு எதிரே, அவளைப் பார்த்தபடி, கைத்தடியை ஊன்றி அவன் முன்னோக்கி வருவான். அவள் போகும் வேகமும் அவன் வரும் வேகமும் ஒன்றாகவே இருந்தது. அதனால் அவர்களுக்கு இடையே இருந்த தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பின்னால் வருவதை அவன் பார்த்துச் சொன்னான். அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். அப்படியே நாற்பது வருடம், மழையிலும், பனியிலும், பிள்ளைகளைத் தோளில் சுமந்தும்.

அவன் முதலில் போனான். அவள் பல வருடம் கழித்துப் போனாள். மேட்டிலிருந்த கல்லறைக்குப் பெட்டியைத் தூக்கியவர்கள், யாரும் சொல்லாமலே திரும்பிக்கொண்டு பின்னோக்கி ஏறினார்கள். ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் பதறிப்போய், “என்னப்பா இது, நேராகத் தூக்குங்கள்!” என்றாராம்.

“நேரா தூக்கினா துரைசானிக்கு வழி தெரியாதுங்க ஐயா,” என்றார்கள் தூக்கியவர்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதைச் சொல்பவனுக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஆனால் மிசஸ் லோபோ ஒவ்வொரு முறையும், சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே, கடைசியில் அந்த வரியையும் சேர்த்தே சொல்வார்: அன்றைக்கு ஆல்டர்மியர் மாளிகையில், புதுத் தரையில் கீறல் விழக்கூடாது என்று வாசலிலேயே எல்லாருடைய கைத்தடியையும் வாங்கி வைத்துவிட்டார்கள். ஒரு வேலைக்காரன் கிதியோன் ஹேலைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து தூணில் சாய்த்துவிட்டுப் போனான். கைத்தடி இல்லாமல் அவரால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

மிசஸ் லோபோ அதைச் சாதாரணமாகத்தான் சொல்வார், மழை பெய்தது என்று சொல்வதைப்போல. கேட்டவனுக்குத்தான் அது சாதாரணமாக இல்லை. சத்தம் வரவில்லை என்பதை நம்பித்தானே அவள் பின்னால் வந்தாள்? சத்தம் போட அன்று தடியே இல்லை. அந்தக் கைகள் அவள் தோளில் அழுந்தியது ஆசையினாலா, விழாமல் இருக்கவா? ஒதுங்க முடிந்திருந்தால் ஒதுங்கியிருப்போமா என்று கிதியோனே அறியாதபோது, அவன் நின்றான் என்று எப்படிச் சொல்வது? சில வருடங்கள் கேட்டவன் அந்த வரியை விட்டுவிட்டுக் கதையைத் தனக்குள் சொல்லிப் பார்த்தான், கதை அழகாக இருந்தது, நம்ப முடியவில்லை. சில வருடங்கள் அந்த வரியை மட்டும் நம்பினான். அப்போது அந்த நாற்பது வருட நடையை என்ன செய்வது என்று தெரியவில்லை. தடி கையில் இருந்த நாற்பது வருடம் அது. எந்த மாலையிலும் அந்த மனிதன் ஒதுங்கியிருக்கலாம்.

போன டிசம்பரில் குன்னூர் போனபோது மிசஸ் லோபோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மேன், வந்ததிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய்? ஆடுகிறாயா, இல்லையா?”

“ஒன்று கேட்கவேண்டும்.”

“பூட்டி கதைதானே? உனக்கு நூறு தடவை சொல்லியாயிற்று. சொன்னதெல்லாம் நிஜம். கேள்.”

அவன் தனக்குப் போட்ட சீட்டுகளை எடுக்காமல் கேட்டான்.

“தடி கையில் இருந்திருந்தால் அன்றைக்கும் ஒதுங்கியிருப்பீர்களா என்று, அந்த நாற்பது வருடத்தில் ஒரு தடவையாவது உங்கள் பூட்டி அவரிடம் கேட்டாளா, மிசஸ் லோபோ?”